வில்லுப்பாட்டுக்கு ஒரு வெறும் சேனல் கொடுங்கள்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சி, ஆய்க்குடி, பண்பொழி என்று நம் வட்டாரமெங்கும் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், ராத்திரி முழுக்கக் கண்விழித்து மிக்ஸர் முன்னால் உட்காரும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

ஆடி நெருங்குகிறது. சாரல் விழுந்து குற்றாலத்தில் கூட்டம் ஏறிவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு பக்கம் கோயில் கொடை, ஒரு பக்கம் சாரல் விழா மேடைகள், நடுவே கல்யாண வீடுகள். அட்வான்ஸ் வாங்கி, கேபிள் சுருட்டி, வண்டியில் பாக்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் இதை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் ஊர்க் கொடைகளில் வில்லுப்பாட்டுச் சத்தம் அடுத்த ஊர்வரை போகிறது. ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கிற கிழவிக்குக் கதை புரியவில்லை. பாடுகிறவர்மேல் குற்றமில்லை, மைக் மேலும் குற்றமில்லை. மிக்ஸருக்குள் நாம் போட்டு வைத்திருக்கும் பிராசஸிங் கதையைத் தின்றுகொண்டிருக்கிறது.

‘நாம்’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். குழாய் ஸ்பீக்கரைத் தென்னைமரத்தில் கட்டிய ரேடியோ செட் காலத்தில் அப்பாவோடு ஆம்ப்ளிஃபயர் தூக்கி இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அன்றைக்கு எங்களிடம் இருந்தது வால்யூம் ஒன்று, பேஸ் ஒன்று, ட்ரெபிள் ஒன்று. இன்றைக்கு உங்கள் மேசைமேல் இருப்பது வேறு உலகம். 2012இல் வந்த பெஹ்ரிங்கர் எக்ஸ் 32 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 32 சேனலுக்கும் தனித்தனியாகக் கேட், தனித்தனியாகக் கம்ப்ரஸர், நான்கு பேண்டு ஈக்யூ, போதாததற்கு எட்டு எஃபெக்ட். ஒரு காலத்தில் சென்னை ஸ்டூடியோக்களில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருந்த சாமான், இப்போது ஒரு ஆள் தூக்குகிற பெட்டிக்குள் வந்துவிட்டது. அதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெட்டி வந்த நாளில் நானும் எல்லாப் பொத்தானையும் ஒளிரவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எத்தனை பொத்தான் எரிகிறதோ அத்தனை நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படி உடைந்தது என்று சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் உறவுக்காரர் ஊரில் கொடை. ஊர்ப் பெயரும் செட்டுக்காரர் பெயரும் வேண்டாம். நல்ல பாக்ஸ், நல்ல மிக்ஸர், சுறுசுறுப்பான பையன்கள். ராத்திரி ஒன்பதரைக்கு வில்லு உட்கார்ந்தது. அண்ணாவிக்கு எழுபது வயது இருக்கும். வீசுகோலால் நாணைத் தட்டினார். வில்லில் கட்டிய மணிகள் ‘ஜல்ல்’ என்று நீண்டு அடங்க வேண்டும் அல்லவா? பாக்ஸில் ‘டக்’ என்று ஒரு கட்டைச் சத்தம் வந்து அறுந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் ‘டக்’. பாட்டை நிறுத்தி, நாண் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். காப்புப் பாடிவிட்டு மறுபடி தட்டினார். அதே ‘டக்’. ஈரக் காற்றில் நாண் ஊறிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, இரண்டாம் முறையும் அவிழ்த்துக் கட்டினார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

நான் மெதுவாக மிக்ஸர் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். வில்லுக்கு வைத்த மைக் முதல் சேனலில் சொருகியிருந்தது. அந்தச் சேனலின் பெயர்ப் பட்டையில் ‘கிக்’ என்று எழுதியிருந்தது. முந்தின ராத்திரி வேறு ஊரில் மெல்லிசைக் கச்சேரி. டிரம்ஸின் கிக்குக்குப் போட்ட சீன் அப்படியே கிடந்தது. கேட் போட்டிருந்தார்கள். அடி விழுந்ததும் திறந்து, அடுத்த கணமே அறைந்து மூடுகிற கேட். நடுத்தர ஒலியை ஈக்யூவில் குடைந்து எடுத்திருந்தார்கள். டிரம்ஸுக்கு அது சரியான வேலை. மணிக்கு அது கழுத்தில் கத்தி. பையனிடம் சொன்னேன், கேட்டை அணைத்தான், மணி பேசியது. ஆனால் அந்தப் பெரியவர் அதற்குள் தன் வில்லைத் தானே சந்தேகித்துவிட்டார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். வில்லையே நம்பி வாழ்ந்த ஒரு மனிதரை, ஒரு சேனலின் பழைய செட்டிங் ஊர் நடுவில் தலைகுனிய வைத்துவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கேட் வெளியே தெரிகிற தப்பு. பிடித்துவிடலாம். கம்ப்ரஸர் செய்வது தெரியாமல் நடக்கும். கொடையில் வில்லுப்பாட்டு எதற்காக வைக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். சாமியின் கதையை ஆரம்பத்தில் பேச்சுப்போலத் தணிந்து சொல்லி, பிறப்பு வளர்ப்பெல்லாம் பாடி, படிப்படியாக ஏற்றி, வரத்து நெருங்கும்போது உடுக்கையும் குடமும் கட்டையும் ஒன்றாக முடுக, குரல் உச்சிக்குப் போகும். அந்த ஏற்றத்தில்தான் சாமியாடிக்கு அருள் இறங்குகிறது. தாழ்ந்த குரலுக்கும் உச்சக் குரலுக்கும் நடுவே இருக்கும் அந்த வித்தியாசம்தான் கொடையின் உயிர். கம்ப்ரஸரின் வேலையே அந்த வித்தியாசத்தைக் குறைப்பது. ரேஷியோவை நான்குக்கு ஒன்று என்று வைத்தால், த்ரெஷோல்டைத் தாண்டி 16 டெசிபல் ஏறிய குரல் வெறும் 4 டெசிபல் ஏறியதாகத்தான் வெளியே வரும். அண்ணாவி நெஞ்சு வெடிக்கப் பாடுகிறார், பந்தலில் அது செய்தி வாசிப்பதுபோல ஒரே மட்டத்தில் வருகிறது. இதற்குமேல் அவர் என்ன செய்வார்? இன்னும் கத்துவார். மறுநாள் தொண்டை கட்டிக் கிடப்பார்.

இதோடு விடுவதில்லை நாம். அமுங்கிப்போன சத்தத்தை ஈடுகட்ட மேக்கப் கெயினைப் பத்து டெசிபல் தள்ளுகிறோம். பாட்டு ஓடும்போது கம்ப்ரஸர் அமுக்கிக்கொண்டிருப்பதால் ஒன்றும் தெரியாது. அண்ணாவி நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்போது கம்ப்ரஸர் கையை எடுத்துவிடும், அந்தப் பத்து டெசிபலும் மைக்கில் முழுசாக உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் ‘கூ’வென்று ஹவுலிங் அடிக்கிறது. கவனித்துப் பாருங்கள், நம் மேடைகளில் பாதி ஹவுலிங் பாட்டு நின்ற இடத்தில்தான் வருகிறது. ஜெனரேட்டர் உறுமலும் பின்னால் பேசுகிறவர்கள் பேச்சும் மேலே ஏறுவதும் அந்த இடைவெளியில்தான். பிறகு ஹவுலிங்குக்குப் பயந்து ஈக்யூவை வெட்டுகிறோம், வெட்டியதால் குரல் மங்குகிறது, மங்கியதால் ஃபேடரை ஏற்றுகிறோம். வைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்தே விடிந்துவிடுகிறது.

உடுக்கைக்குக் கம்ப்ரஸர் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அட்டாக்கைப் பூஜ்யத்தில் வைத்தால் விரல் தோலில் விழும் அந்த முதல் சொடுக்கைக் கம்ப்ரஸர் விழுங்கிவிடும். உடுக்கையின் உயிரே அந்தச் சொடுக்குதான். போட்டே ஆகவேண்டும் என்றால் 20, 30 மில்லிசெகண்ட் விட்டுப் பிடியுங்கள்.

அடுத்தது எக்கோ. நம் தொழிலில் ரிவெர்பையும் டிலேயையும் சேர்த்து எக்கோ என்றுதான் சொல்கிறோம். “அண்ணே, கொஞ்சம் எக்கோ வைங்க” என்று கேட்காத பாடகர் இல்லை. வைக்கலாம், பாட்டு அடிக்கு வைக்கலாம். ஆனால் வில்லில் பாதி நேரம் வசனம். தமிழ்ப் பேச்சு எக்கோவைத் தாங்காது. காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. கல் வேறு, கால் வேறு, நடுவே இருப்பது ஒரு மாத்திரை நேரம். எக்கோவின் வால் அந்த ஒரு மாத்திரையை நிரப்பிவிட்டால் குறில் நெடிலாகிவிடும். ‘பட்டு’ என்று சொல்லும்போது ‘ட்’டில் நாக்கு ஒட்டிக்கொண்டு ஒரு கணம் சத்தமே இல்லாமல் இருக்கிறதே, அந்த மௌனம்தான் ஒற்று. அதற்குள்ளும் எக்கோ புகுந்துவிட்டால் ஒற்று போய்விடும். லகர ளகர ழகரம் காதில் பிரிவது பெரும்பாலும் 1,500 ஹெர்ட்ஸுக்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட இடத்தில். நாமோ இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவைத் தாழ்த்தி ஈக்யூவில் பள்ளம் பறிக்கிறோம். சினிமாப் பாட்டுக்கு அந்தப் பள்ளம் ஜோராக இருக்கிறது. கதை சொல்கிறவரின் வாயிலிருந்து ழகரத்தைப் பிடுங்குவதும் அதே பள்ளம்தான். குற்றாலத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த ரசிகமணி டி.கே.சி., பாட்டைக் காதால் கேட்டு அனுபவிக்க வேண்டும் என்பதற்காகவே ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டியவர். அவர் இருந்த ஊரின் மேடையில் சொல் விளங்காமல் போகலாமா?

நீங்கள் கேட்கலாம்: “சத்தம் பத்தவில்லை என்று கமிட்டிக்காரர் வந்து தலைமேல் நிற்கிறாரே, நாங்கள் என்ன செய்ய?” எனக்குத் தெரியும். என் தலைமேலும் நின்றிருக்கிறார்கள். ஆனால் ‘பத்தவில்லை’ என்பதற்குப் பாதி நேரம் அர்த்தம் ‘புரியவில்லை’ என்பதுதான். புரியாததைச் சத்தத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள், நாமும் ஃபேடரை ஏற்றிவிடுகிறோம். நம் காதும் இதற்குத் துணைபோகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் கண்டு எழுதிய விஷயம் இது: சத்தம் கூடக்கூடக் காது பேஸை நிறைவாகக் கேட்கும். அதனால் எதைச் சத்தமாக வைத்தாலும் முதல் ஐந்து நிமிஷம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். அதே 1933 டிசம்பரில்தான் நம் செங்கோட்டை கிட்டப்பா 27 வயதில் கண்மூடினார். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை மைக் இல்லாமல் பாடி நிறைத்த குரல் அது. சத்தத்தால் மட்டும் அது நடந்திருக்குமா? ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் தெளிவாக விழுந்ததால்தான் கூட்டம் மூச்சடக்கிக் கேட்டது. அந்தத் தெளிவை மிக்ஸரில் கொண்டுவர முடியும். கூட்டுவதைவிடக் கழிப்பதால் அது வரும்.

நம் ஊரின் காற்றையும் அருவியையும் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மதுரையிலும் சென்னையிலும் சொல்லிக்கொடுக்கிற செட்டிங் இங்கே நிற்காது. சீசனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று எப்படி அடிக்கும் என்று காசி விஸ்வநாதர் கோபுர வாசலில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற எல்லாருக்கும் தெரியும். அந்தக் காற்றை எதிர்த்துப் போகும் சத்தம் மேலே வளைந்துவிடும், காற்றோடு போகும் சத்தம் கீழே வளையும். மேடைக்கு மேற்கே உட்கார்ந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று மொத்தத்தையும் ஏற்றினால், கிழக்கே இருக்கிற தெருவுக்குத்தான் அது தண்டனை. மேற்கே ஒரு சின்ன பாக்ஸைத் தள்ளிப் போடுவது நல்ல வழி. காற்று மைக்கில் ‘புஸ் புஸ்’ என்று மோதுவதற்குப் பஞ்சு உறையும், குரல் சேனலில் 100, 120 ஹெர்ட்ஸில் லோ கட்டும் போதும். குடத்துச் சேனலில் மட்டும் அந்த லோ கட்டை வைத்துவிடாதீர்கள். குடத்தை அடிக்கும் பத்தி விழும்போது அதன் வாயிலிருந்து எழும் ‘கும்’ அங்கேதான் குடியிருக்கிறது.

அருவிப் பக்கத்து மேடை இன்னும் கஷ்டம். பேரருவியில் தண்ணீர் நன்றாக விழும்போது எழுகிற இரைச்சலில் அடிக்கட்டையிலிருந்து கீச்சுவரை எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் இருக்கிறது. கேட் போட்டால், அருவியையே பாட்டு என்று நினைத்து அது திறந்தே கிடக்கும். கம்ப்ரஸரில் மேக்கப் ஏற்றினால், பாடகர் வாய் மூடும்போதெல்லாம் பாக்ஸ் வழியாக இன்னொரு அருவி விழும். அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மைக்கை வாய்ப் பக்கம் கொண்டுபோங்கள். ஒரு அடி தள்ளி இருக்கும் மைக்கை அரை அடிக்குக் கொண்டுவந்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அருவி கூடாது. எந்த எஃபெக்டும் இந்த வேலையைச் செய்யாது.

நாதஸ்வரத்துக்கும் ஒரு குறை இருக்கிறது. ஹவுலிங்கைத் தானே தேடி அறுக்கும் ஃபீட்பேக் சப்ரஸர் என்று ஒன்றை எல்லாரும் ஆன் செய்து வைத்திருக்கிறீர்கள். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற ஒலியைக் கண்டால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். நம் இசையில் அசையாமல் நிற்பதுதானே ஒத்து? சுருதிப்பெட்டியும் அப்படித்தான். வித்வான் ஒரு ஸ்வரத்தில் நின்று கார்வை கொடுத்தால் அதையும் அந்தக் கருவி அறுக்கப் பார்க்கும். பாதிக் கச்சேரியில் ஆதாரச் சுருதியே மெலிந்துபோய், தவில்காரர் என்னவோ மாதிரி பார்ப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். காருகுறிச்சி அருணாசலம் பிறந்த சீமை இது. இங்கேயே கார்வையை ஹவுலிங் என்று நினைக்கிற கருவியிடம் நாதஸ்வரத்தை ஒப்படைக்கலாமா? நிகழ்ச்சிக்கு முன்னால் நீங்களே மைக்கை மெல்ல ஏற்றி, கூவுகிற இடத்தைக் காதால் பிடித்து, கிராஃபிக் ஈக்யூவில் அந்த ஒன்றிரண்டு பேண்டை மட்டும் தாழ்த்துங்கள். பிறகு அந்தத் தானியங்கியை அணைத்துவிடுங்கள்.

நான் பிராசஸிங்குக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. லிமிட்டர் இல்லாமல் நான் ஒரு பாக்ஸையும் ஓட்ட மாட்டேன். தெரு நெடுக ட்யூப்லைட்டும் பாக்ஸும் கட்டுகிறீர்களே, அங்கே டிலே என்ற ஒரு பொத்தான் எவ்வளவு பெரிய வரம்! சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி இருக்கும் பாக்ஸுக்கு 290 மில்லிசெகண்ட் டிலே வைத்தால் மேடைச் சத்தமும் அதுவும் சேர்ந்து ஒரே குரலாக வரும். வைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். அந்தக் குழப்பத்தை அமுக்க நாம் இன்னும் ஏற்றுவோம். டிலேயைச் சரியாக வைத்தால் எல்லா பாக்ஸையும் குறைத்து ஓட்டலாம்.

குறைத்து ஓட்டுவது இப்போது நம் பிழைப்புக்கே அவசியம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கு உரிய அளவைவிட 10 டெசிபல், அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. சாமக் கொடை நடுராத்திரியில்தான். பக்கத்து வீட்டில் நெஞ்சுவலிக்காரர் இருப்பார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். ஜன்னல் அதிர்கிறது என்று அவர்கள் போன் செய்தால் போலீஸ் வந்து முதலில் நிறுத்தச் சொல்வது வில்லைத்தான். நாம் ஏற்றிய பேஸுக்கு அண்ணாவியின் கதை பாதியில் அறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல், கச்சேரி இடங்களில்கூடச் சராசரி 100 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் பந்தல்களில் சப் பாக்ஸுக்கு முன்னால் தாய்மார்கள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகையால் உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. இந்த ஆடிக்கு முன்னால் உங்கள் மிக்ஸரில் புதிதாக ஒரு சீன் உண்டாக்கி, அதற்கு ‘வில்லு’ என்று பெயர் வையுங்கள். அதில் கேட் வேண்டாம், கம்ப்ரஸர் வேண்டாம், எக்கோ வேண்டாம், ஈக்யூ நேர்கோடாக இருக்கட்டும். குரலுக்கு மட்டும் லோ கட். வில்லு மேடை ஏறுவதற்கு அரை மணி முன்னால் அந்தச் சீனைத் திறந்துவிட்டு, அண்ணாவியிடம் போய், “அண்ணாச்சி, வரத்துப் பாடுற மாதிரி உச்சத்துல ஒரு அடி பாடுங்க” என்று கேளுங்கள். ‘மைக் டெஸ்டிங்’கை வைத்துக் கெயின் பிடிக்காதீர்கள், அந்த உச்சத்துக்குப் பிடியுங்கள். டிஜிட்டல் போர்டில் சிவப்பைத் தொட்டால் தப்பிக்க வழியில்லை, நிறைய இடம் விட்டு வையுங்கள். வலத்தே பாடுகிறவருக்கும் இடத்தே பாடுகிறவருக்கும் தங்கள் குரல் மானிட்டரில் கேட்கிறதா என்று கேளுங்கள். பிறகு மிக்ஸரை இயக்கும் டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மிக்ஸரை விட்டு எழுந்து, பந்தலின் கடைசிக்கு நடந்து போங்கள். அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஒரு வயசாளியின் பக்கத்தில் நில்லுங்கள். “ஆச்சி, கதை விளங்குதா?” என்று கேளுங்கள். விளங்கவில்லை என்றால் அப்போது ஒரு பொத்தானைத் தொடுங்கள், ஒன்றே ஒன்றை. மறுபடி கேளுங்கள். அவருக்கு விளங்கிவிட்டால் அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

வில்லு முடிந்து மறுநாள் மெல்லிசைக்குப் போகும்போது உங்கள் பழைய சீன் உங்களுக்கு அப்படியே இருக்கும். அதில் ஒரு பொத்தானைக்கூட நான் கேட்கவில்லை. வில்லுக்கென்று ஒரு சீன், ஒரு அரை மணி நேரம், இவ்வளவுதான் கேட்கிறேன். செய்து பார்த்துவிட்டு, அந்த ராத்திரி அண்ணாவி நாணைத் தட்டும்போது மணி முழுசாக ஒலித்து அடங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள், அண்ணாச்சி.

இப்படிக்கு,
ரேடியோ செட் காலத்திலிருந்து உங்களோடு இருக்கும் ஒருவன்,
தென்காசி